நாலு பேர், ஒரே அறை: குடும்பத்தோடு நீண்ட பயணம் போனதில் தெரிந்துகொண்டவை

குடும்பத்தோடு மாதக்கணக்கில் பயணம் போகப்போகிறோம் என்று சொன்னால் கேட்பவர்கள் மூன்று கேள்விகள்தான் கேட்பார்கள். எங்கெங்கே போகிறீர்கள், எவ்வளவு செலவாகும், பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும். நாங்களும் கிளம்புவதற்கு முன்னால் பல மாதங்கள் இதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பள்ளி ஆண்டின் பெரும்பகுதியை வெளியில் கழித்துவிட்டு வந்த பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த மூன்றையும்விட எங்களைப் பாடாய்ப் படுத்தியது வேறு ஒன்று. காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு தூங்கும்வரை நாலு பேரும் ஒருவர் முகத்தையே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததுதான். வீட்டில் நாங்கள் அப்படி இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் வேலைக்குப் போவார், நான் வேலைக்குப் போவேன், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். நாலு பேரும் விழித்த கண்ணோடு ஒன்றாக இருப்பது ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரம் இருந்தால் பெரிது. அதைத் திடீரென்று பதினான்கு மணி நேரமாக்கினால், பாசமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், யாருக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும்.

எனவே எந்த ஊர் அழகு, எங்கே போகலாம் என்பதெல்லாம் இதில் வராது. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு குடும்பம் நீண்ட நாள் ஒன்றாகச் சுற்றினால் எங்கெங்கே உரசும், அதற்கு முன்கூட்டியே என்ன செய்துவைக்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன். கிளம்பும்போது பெரியவளுக்கு வயது பதினொன்று, சின்னவனுக்கு ஐந்து. இதைச் சொல்லக் காரணம், எங்கள் உரசல்களில் பாதி அந்த ஆறு வயது வித்தியாசத்தால் வந்தவை.

முதலில் தங்கும் இடம். ஆரம்பத்தில் ஒரே அறையில்தான் தங்கினோம், வாடகை குறைவு, நாலு படுக்கை இருந்தது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம். சின்னவன் எட்டு மணிக்குத் தூங்குகிறவன், துளி வெளிச்சம் இருந்தாலும் தூங்கமாட்டான். அதனால் எட்டு மணிக்கெல்லாம் அறை இருட்டாகிவிடும். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வது? குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். அவர் கழிப்பறை மூடியின் மேல் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார், நான் தரையில் துண்டை விரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, அடுத்த வாரத்துக்கான பயணச்சீட்டைத் தேடிக்கொண்டிருப்பேன். அங்கே உட்கார்ந்து கிசுகிசுத்தபடியே சண்டையும் போட்டிருக்கிறோம். மேலே காற்றாடி ஓடுகிற சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்காமல், நான் சொன்னது அவருக்குக் கேட்காமல், "என்னது?" "என்னது?" என்று மாறி மாறிக் கேட்டே அந்தச் சண்டை பிசுபிசுத்துப் போனது.

அதற்குப் பிறகு இடம் தேடும்போது நான் படுக்கைகளை எண்ணுவதை விட்டுவிட்டுக் கதவுகளை எண்ண ஆரம்பித்தேன். படுக்கும் இடத்துக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே மூடக்கூடிய ஒரு கதவு. இது ஒன்று இருந்தால் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். நீச்சல் குளம், ஜன்னலுக்கு வெளியே மலை, கடல் எல்லாம் இரண்டாம்பட்சம். பால்கனி இருந்தால் அதையும் ஓர் அறையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், மழையில்லாத ஊராக இருந்தால். படங்களை மட்டும் நம்பாமல், "படுக்கையறைக்குக் கதவு உண்டா, திரைதானா?" என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். விளம்பரத்தில் இரண்டு அறை என்று போட்டிருக்கும், போய்ப் பார்த்தால் நடுவே ஓர் அலமாரியை நிறுத்திவைத்திருப்பார்கள். வாடகை கூடுமே என்றால், கூடத்தான் செய்யும். ஆனால் ஒரே இடத்தில் பல நாள் தங்கினால் பல இடங்களில் வாரத்துக்கு, மாதத்துக்கு என்று தள்ளுபடி கிடைக்கும். சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள வீடாக இருந்தால் அதிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

இங்கேதான் வேகம் என்ற விஷயம் வருகிறது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நகர்வது ஒரு நாள் வேலை என்று அட்டவணை போடும்போது தோன்றும். குழந்தைகளோடு அது கிட்டத்தட்ட மூன்று நாள். மூட்டை கட்டும் நாள் ஒன்று, பயண நாள் ஒன்று, புது இடத்தில் ஸ்விட்ச் எங்கே, தண்ணீர் எங்கே, பக்கத்தில் பூங்கா இருக்கிறதா என்று தடவித் தெரிந்துகொள்ளும் நாள் ஒன்று. இந்த மூன்று நாளும்தான் எல்லோருக்கும் எரிச்சல் உச்சத்தில் இருக்கும். ஆகவே எவ்வளவுக்கெவ்வளவு குறைவாக நகர்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு சண்டையும் குறைவு, செலவும் குறைவு. ஓர் இடத்தில் ஒரு வாரத்துக்குக் கீழே தங்குவதில்லை என்று நாங்கள் ஒரு கட்டத்தில் முடிவு செய்தோம், முடிந்த இடங்களில் மூன்று வாரம், ஒரு மாதம் வரை இருந்தோம். பார்க்க நினைத்த நாடுகளில் சிலவற்றை அடித்துவிட வேண்டியிருந்தது. பிள்ளைகள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. பட்டியல் போட்டவர்கள் நாங்கள்தானே.

கண்டம் விட்டுக் கண்டம் போவதாக இருந்தால் எந்தத் திசையில் சுற்றுகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். நம் உடம்புக் கடிகாரம் இயல்பாகவே 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டது. அதனால் நாள் நீளும் மேற்குத் திசைப் பயணம் உடம்புக்கு எளிது, கிழக்கே போவது கஷ்டம். ஒரு மணி நேர வித்தியாசம் சரியாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து "விடிஞ்சிருச்சா?" என்று கேட்கும் ஐந்து வயதுக்காரனோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று தெரியும்.

வழக்கத்திலிருந்து விடுபடத்தானே கிளம்பினோம், மறுபடி அட்டவணையா என்று அவர் முதலில் முனகினார். ஆனால் ஒன்றுமே இல்லாமல் விட்டால் ஒவ்வொரு நாளும் காலையில் "இன்னிக்கு என்ன பண்றோம்?" என்பதிலேயே ஒரு மணி நேரம் போகிறது, முடிவெடுத்து எடுத்தே ஆள் களைத்துப்போகிறோம். கடைசியில் எங்களுக்கு ஒத்துவந்தது ரொம்பச் சின்ன ஒழுங்கு. காலையில் பாடம். அதன்பின் ஒரு வெளி வேலை, ஒன்றே ஒன்று. மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. இந்த இரண்டு மணி நேரத்தை நான் எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் போதாது. படிக்கலாம், தூங்கலாம், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கலாம், அது அவரவர் விருப்பம்.

வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. விடுமுறையிலிருந்து விடுமுறை. ஒரு நாள் பெரியவள் போர்வைக்குள்ளிருந்தே, "அம்மா, இன்னிக்கு நான் எதையும் பாக்க மாட்டேன், சரியா?" என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஊரே பார்க்க வரும் பழைய கோட்டை. எனக்குப் பொறுக்கவில்லைதான், இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு செலவழித்து என்று நாக்கின் நுனிவரை வந்தது. அவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, சின்னவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிப்போனார். நாங்கள் இருவரும் மதியம்வரை ஆளுக்கொரு புத்தகத்தோடு கிடந்தோம். கோட்டைக்கு இரண்டு நாள் கழித்து அவளாகவே வந்தாள், வந்து சுவரில் ஏறாத குறையாகச் சுற்றினாள்.

அதிலிருந்துதான் பிரிந்து போவது என்ற பழக்கம் வந்தது. அம்மாவும் மகனும் ஒரு பக்கம், அப்பாவும் மகளும் ஒரு பக்கம், அடுத்த முறை மாற்றி. மாதத்தில் ஓரிரு நாள் பெரியவர்களில் ஒருவர் மட்டும் முழுக்கத் தனியே. குடும்பப் பயணம் என்றால் எல்லாவற்றையும் எல்லோரும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பதினொரு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் பொதுவான அருங்காட்சியகம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவும் தெரியவில்லை. மாலையில் சந்திக்கும்போது ஒருவருக்கொருவர் சொல்ல ஏதாவது இருக்கும், அது ஒரு கூடுதல் லாபம்.

பயணத்தின் அலுவலக வேலை முழுவதும் பெற்றோரில் ஒருவர் தலையில் விழுவதையும் கவனித்துக்கொள்ளுங்கள். முன்பதிவு, விசா, மருந்து, கணக்கு எல்லாவற்றையும் ஒருவரே பார்த்தால் மற்ற மூன்று பேரும் விடுமுறையில் இருப்பார்கள், அந்த ஒருவர் மட்டும் டிராவல் ஏஜென்ட்டாக வேலை பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் துறை பிரித்துக்கொண்டோம். தங்குமிடமும் உடல்நலமும் எனக்கு, போக்குவரத்தும் பணமும் அவருக்கு. ஒருவர் துறையில் மற்றவர் குறை சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். அது பாதிதான் கடைப்பிடிக்கப்பட்டது. பெரியவள் வரைபடம் பார்த்து வழி சொல்வாள், சின்னவன் ஒவ்வோர் இடத்தைவிட்டுக் கிளம்பும்போதும் பைகளை எண்ணுவான். விளையாட்டுக்குக் கொடுத்த வேலை இல்லை இது, இறங்கும் அவசரத்தில் அவன் எண்ணிக்கைதான் ஒரு பையைக் காப்பாற்றியது.

படிப்பு. பயணமே பெரிய பள்ளிக்கூடம் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குச் சிறு சந்தேகம் உண்டு. வரலாறு, புவியியல், வேற்று மொழி மனிதர்களிடம் கூச்சமில்லாமல் பேசுவது இதெல்லாம் தானாக வந்தது, உண்மைதான். பின்னக் கணக்கு எந்த மலை உச்சியிலும் தானாக வரவில்லை. கணக்கும் எழுதும் மொழியும் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து செய்தால்தான் நிற்கும், மற்றவற்றைத் தளர்த்திவிடலாம். கணக்கில் ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் ஒழுங்காகப் போனாலே பள்ளி வேகத்தோடு ஒட்டிக்கொண்டே வரலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதால். நாட்குறிப்பு எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். எங்கள் பெரியவள் அதை வெறுத்தாள், ஆனால் தன் தோழிக்கு நீள நீளமாக மின்னஞ்சல் எழுதினாள். அதுவும் எழுத்துதானே.

சட்டப்படி என்ன என்பதைக் கிளம்புமுன் பார்த்துவிட வேண்டும். வீட்டில் வைத்துப் படிப்பிப்பதைச் சில நாடுகள் அனுமதிக்கின்றன, சில நாடுகள் பதிவு கேட்கின்றன, ஜெர்மனி போன்ற இடங்களில் பள்ளிக்குப் போவதே கட்டாயம். பள்ளி இடத்தைப் பிடித்துவைக்குமா, திரும்பி வரும்போது எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், தேர்வு வைப்பார்களா என்பதையெல்லாம் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள். பள்ளி நிர்வாகிகள் மாறுவார்கள், வாய்ப்பேச்சும் அவர்களோடு போய்விடும்.

பிள்ளைகளுக்கு உண்மையில் குறைந்தது படிப்பு இல்லை, நண்பர்கள். அதிலும் பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு. ஐந்து வயதுக்காரன் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் மொழியே தெரியாத ஒருவனோடு சேர்ந்துகொள்வான். பதினொரு வயதுக்காரிக்கு அது நடக்காது. வாரத்தில் ஒரு நாள் அவள் தோழிகளோடு பேச நேரம் ஒதுக்கி, நேர மண்டலம் மாறும்போதெல்லாம் அதைக் கணக்குப் போட்டு மாற்றிவைத்தோம். அந்த நேரத்தில் அந்தக் கதவுள்ள அறை அவளுக்கு மட்டும்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. பெரியவர்கள் பாஸ்போர்ட் பத்து வருடம் என்றால் குழந்தைகளுடையது பெரும்பாலும் ஐந்து வருடம்தான், ஆகவே முதலில் காலாவதியாவது அதுதான். ஐரோப்பாவில் எல்லைச் சோதனை பெரும்பாலும் இல்லாமல் நாட்டுக்கு நாடு போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் இருந்தாலும், குறுகிய காலத் தங்கலுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து எந்த 180 நாளிலும் 90 நாள்தான். இடையில் வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது. திரும்பிப் போகும் டிக்கெட்டையோ அடுத்த நாட்டுக்கான டிக்கெட்டையோ காட்டச் சொல்லி விமான நிறுவனமே நிறுத்தலாம். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு எல்லை தாண்டினால் மற்றவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் கேட்கக்கூடும், பிறப்புச் சான்றிதழின் நகலும் கையில் இருக்கட்டும். நாங்கள் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து போகும் பழக்கமுள்ளவர்கள் என்பதால் இந்தக் கடிதத்தைக் கிளம்புமுன்னே எழுதி வைத்துக்கொண்டோம். அப்புறம் வயது. இரண்டு வயது நிறைந்தால் குழந்தைக்கு விமானத்தில் தனி இருக்கை வாங்க வேண்டும், பன்னிரண்டு நிறைந்த பின் பெரும்பாலும் பெரியவர் கட்டணம். பயணத்தின் நடுவே பிறந்தநாள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், துண்டு துண்டாக டிக்கெட் எடுக்கிறவர்கள் முக்கியமாக.

உடல்நலத்தில் முதல் வேலை, குறைந்தது ஆறு வாரம் முன்பே மருத்துவரிடம் போவது, ஏனென்றால் சில தடுப்பூசிகளை இடைவெளி விட்டுத்தான் போட முடியும். சில நாடுகளுக்குள் நுழையத் தேவைப்படும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அதன் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகும். நாய், குரங்கு, பூனை எதுவானாலும் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வெறிநோய் ஊசிக்குப் போக வேண்டும். குழந்தைகளிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள், கடிபட்டதை மறைத்தால்தான் திட்டு விழும், சொன்னால் விழாது என்று. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓஆர்எஸ்) பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், எல்லாம் தலைதட்டி அளந்து. உயரமான ஊர்களுக்குப் போனால் 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சின்னக் குழந்தைக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாத அழுகை, சாப்பிடாமை, தூக்கமின்மை இருந்தால் இறங்கிவிடுவதுதான் வைத்தியம். மருந்துகளை அவற்றின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) எழுதிய சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது இன்னோர் இடத்தில் தடை செய்யப்பட்டிருக்கலாம். ஜப்பானுக்குள் மூக்கடைப்பைக் குறைக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள ஜலதோஷ மருந்துகளைக் கொண்டுபோகக் கூடாது.

பணத்தில் பெரிய தலைவலி செலவைவிட ஓடிபிதான். வங்கி அனுப்பும் எண் பழைய சிம்முக்கு வரும், அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அடங்கிப்போகும். கிளம்புமுன் அது வெளிநாட்டில் குறுஞ்செய்தி வாங்குகிறதா என்று உறுதிசெய்து, வங்கிச் செயலியை இரண்டு போனில் வைக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கார்டு, இரண்டு வெவ்வேறு பைகளில். கார்டு தேய்க்கும் இயந்திரம் உங்கள் ஊர்ப் பணத்தில் கட்டவா என்று கேட்டால் வேண்டாம் என்று அங்கத்திய பணத்தையே தேர்ந்தெடுங்கள், அந்த வசதிக்கு அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசம். காப்பீட்டில் ஆண்டு முழுவதற்கும் என்று போட்டிருந்தாலும் ஒவ்வொரு பயணமும் இத்தனை நாளுக்குள் முடிய வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும், 30, 45, 60 என்று. பூட்டிய வீட்டுக்கான காப்பீட்டிலும் தொடர்ந்து இத்தனை நாள் ஆளில்லாமல் இருந்தால் செல்லாது என்ற விதி இருக்கக்கூடும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், அதன் கொள்ளளவு 100 வாட்-மணி வரை இருந்தால் பொதுவாக அனுமதி கேட்கத் தேவையில்லை. அதன் மேல் 20,000 எம்ஏஹெச் என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 74 வாட்-மணி.

பயணத்தின் நடுவே கொஞ்சம் வேலையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு. சுற்றுலா விசாவில் வேலை செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை, ஒரு நாட்டில் 183 நாளுக்கு மேல் இருந்தால் வரி விஷயத்தில் அங்கே வசிப்பவராகக் கருதப்படும் வாய்ப்பும் உண்டு. அதைவிட முக்கியம், அரைவேலை அரைவிடுமுறை என்பது வீட்டுக்குள் நிறையச் சண்டை கொடுக்கும் ஏற்பாடு. ஒருவர் கணினி முன்னால் இருக்கும் நேரமெல்லாம் மற்றவர் இரண்டு பிள்ளைகளையும் சத்தம் போடாமல் வைத்திருக்க வேண்டும், ஒரே அறையில். அவர் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார், பிறகு சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். செலவைக் குறைத்துக்கொண்டோம், வீடு அமைதியானது.

திரும்பி வருவதற்கும் ஒரு திட்டம் வேண்டும். பள்ளி திறக்க முந்தின நாள் வந்து இறங்கினால் குழந்தை திணறிப்போகும், குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். வந்தவுடன் பெரியவளுக்கு வகுப்பில் உட்கார இடமிருந்தது, கூட்டுச் சேர இடமில்லை. தோழிகள் வேறு குழுவாகியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து "எங்கெல்லாம் போனே, சொல்லு சொல்லு" என்று கேட்டால் அவள் எழுந்து போய்விடுவாள், நாங்கள் விட்டுவிட்டோம். இரண்டு மாதம்போல ஆனது. எங்களுக்கோ, வேலையில் மீண்டும் சம்பளம் வரத் தொடங்கும்வரை தாக்குப்பிடிக்கும் பணம் பயணக் கணக்கில் சேராமல் தனியே இருந்ததால்தான் அந்த இரண்டு மாதமும் அவளைக் கவனிக்க நேரம் கிடைத்தது. அந்தத் தொகையைக் கிளம்புவதற்கு முன்பே ஒதுக்கி, எளிதில் கைவைக்க முடியாத கணக்கில் போட்டுவிடுங்கள், ஏனென்றால் பயணம் முடியும் நேரத்தில் இன்னும் ஒரே ஒரு ஊர் என்று தோன்றும்போது கண் முதலில் போவது அதன் மேல்தான்.